ராக்கெட் ஆர்டருக்கு முன் ஒரு ஐந்தொகை

அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியிடம் ஃபால்கன் 9 ராக்கெட் ஒன்றை முழுதாக வாடகைக்கு எடுக்க ஏறத்தாழ 7 கோடி டாலர் ஆகும். அதில் மண்ணெண்ணெய்க்கும் திரவ ஆக்சிஜனுக்கும் போவது இரண்டு மூன்று லட்சம் டாலர்தான். நூற்றுக்கு அரை ரூபாய்கூட வராது. மிச்சமெல்லாம் செய்கூலி, சேதாரம், சோதனை, சம்பளம், காத்திருப்பு. தங்கத்தின் விலையை வைத்து நகையின் விலையைக் கணக்குப் போடலாம். இங்கே தங்கம் அரைக் காசு, செய்கூலியே சரக்கு. தனியார் விண்வெளித் தொழிலின் கணக்கு முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் தொடங்குகிறது.

குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் இந்தத் தொழிலை எட்டிப் பார்க்க நினைப்பவர்கள் இரண்டு வகை: கையில் பட்டறை உள்ளவர்கள், கையில் பணம் உள்ளவர்கள். இருவருக்குமாகத்தான் இந்த வழிகாட்டி. அதிகம் பேசப்போவது பட்டறைக்காரர்களிடம்.

முதல் படி: பணம் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள்

உலக விண்வெளித் தொழிலில் புரளும் பணத்தை நூறு ரூபாய் என்று வைத்தால், ராக்கெட் ஏவுவதில் கிடைப்பது இரண்டு ரூபாய் அளவுதான். பெரும்பங்கு செயற்கைக்கோள் சேவைகளிலும், தரையில் இருக்கும் ஆண்டெனா, ரிசீவர், ஜி.பி.எஸ். கருவிகளிலும் இருக்கிறது. ஸ்பேஸ்எக்ஸுக்கே வருமானத்தில் பெரிய பங்கு ஸ்டார்லிங்க் இணையச் சந்தாவிலிருந்துதான் வருகிறது. ராக்கெட் அவர்களுக்குச் சொந்த லாரி மாதிரி. சரக்கு வேறு.

கிலோ கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். ராக்கெட்டின் அடிப்பகுதியான முதல் கட்டம் (பூஸ்டர்) திரும்பி வந்து இறங்கும் முறையில் ஃபால்கன் 9 சுமார் 17 டன் ஏற்றும். முழு வாடகையை வகுத்தால் கிலோவுக்கு 4,000 டாலர். அதிலேயே கூட்டாக இடம் பிடித்தால், 2024 விலைப்படி 50 கிலோ வரை 3 லட்சம் டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் 6,000 டாலர். இந்த விலையை ஆண்டுதோறும் உயர்த்துகிறார்கள். ராக்கெட் லேபின் எலக்ட்ரான் 300 கிலோ ஏற்றும் சின்ன ராக்கெட். அதில் கிலோவுக்கு 25,000 டாலருக்கு மேல் வருகிறது. அப்படியும் அதற்கு ஆள் வருகிறார்கள். பல்லவன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் மலிவுதான். ஆனால் அது கிளம்பும் நேரத்துக்குக் கிளம்பி எழும்பூரில்தான் இறங்க வேண்டும். நினைத்த நாளில், நினைத்த சுற்றுப்பாதையில் இறங்க வேண்டுமானால் தனி வண்டிதான். குறிப்பிட்ட பாதை, குறிப்பிட்ட நாள், ராணுவ வேலை: சின்ன ராக்கெட்டுக்காரர்களின் சந்தை இந்த மூன்றுக்குள்தான். அந்தச் சந்தை சிறியது. அதற்குப் போட்டி போடுகிறவர்கள் அதிகம்.

குலசேகரப்பட்டினத்தின் மதிப்பும் இதில்தான் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, வட தென் துருவங்களின் மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்கு ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும். பெரிய ராக்கெட் அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளும். 500 கிலோ ஏற்றுகிற, இஸ்ரோவின் சின்ன ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி. மாதிரி வண்டிக்கு அந்த வளைவிலேயே சரக்கின் கணிசமான பகுதி போய்விடும். குலசேகரப்பட்டினத்தில் தெற்கே நேராகக் கடல்.

மறுபயன்பாடு பற்றி ஒரு வார்த்தை. ஃபால்கன் 9-இன் செலவில் சுமார் 60 சதவீதம் முதல் கட்டத்தில் இருக்கிறது என்று எலான் மஸ்க் சொல்லியிருக்கிறார். 2015 டிசம்பரில் அதை முதன்முதலாகத் தரையில் இறக்கினார்கள், 2017 மார்ச்சில் ஒருமுறை பறந்ததையே மறுபடி பறக்கவிட்டார்கள், இப்போது ஒரே பூஸ்டர் 30 தடவைக்கு மேல் போய்வந்திருக்கிறது. ஆண்டுக்கு நாலு ராக்கெட் ஏவுகிற கம்பெனி இதைக் காப்பியடித்தால் கட்டாது. இறங்கும் கால்களுக்கும் மிச்சம் வைக்கும் எரிபொருளுக்கும் ஏற்றும் எடை குறையும். ஆலை ஆள்களுக்கு வேலையும் இருக்காது. திரும்பத் திரும்ப ஏவ ஸ்பேஸ்எக்ஸிடம் சொந்தச் சரக்கு இருந்தது, அதனால் அவர்களுக்குக் கட்டியது.

இரண்டாம் படி: எந்த வாசல்?

நம் பக்கத்தவர்கள் முதலில் கேட்பது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் கடையும் ஐந்து அச்சு சி.என்.சி. மெஷின் வாங்கலாமா என்றுதான். வேண்டாம். கோடியைத் தாண்டும் அந்த மெஷினை வைத்துக்கொண்டு கோயம்புத்தூர், ஓசூர், பெங்களூர், ஹைதராபாத் பட்டறைகளோடு விலையில் மோத முடியாது. அங்கே ஒரு டூல் உடைந்தால் அரை மணி நேரத்தில் அடுத்தது கிடைக்கும்.

காரைக்குடிக்கு இருக்கிற பலம் வேறு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், செக்ரி, ஊருக்குள்ளேயே இருக்கிறது. உலோக அரிப்பு, முலாம், மேற்பூச்சு, பேட்டரி ஆகியவைதான் அதன் வேலை. மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் அதற்குக் கடலோரப் பிரிவுகள் உண்டு. ராக்கெட் உதிரிபாகத்தை எந்த ஊரில் கடைந்தாலும் பிறகு ஆனோடைசிங், முலாம், பாசிவேஷன் என்று உலோகத்தின் மேற்பரப்பை அரிப்பிலிருந்து காக்கும் வேலையைச் செய்தாக வேண்டும். இதைச் சரியாகச் செய்கிற சின்னக் கம்பெனிகள் குறைவு. இந்த வாசல் குறுகலானது, ஆனால் நெரிசல் இல்லை.

கடலோரத்தில் உலோகம் அரிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு நட்டு போதும். 2006 மார்ச் 24 அன்று பசிபிக் தீவொன்றிலிருந்து ஸ்பேஸ்எக்ஸின் முதல் ஃபால்கன் 1 கிளம்பியது. எரிபொருள் குழாயை இறுக்கிப் பிடிக்கும் அலுமினிய நட்டு ஒன்று உப்புக்காற்றில் அரித்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டிருந்தது. எரிபொருள் கசிந்து தீப்பிடித்தது. அரை நிமிடத்தில் எஞ்சின் நின்றது, ராக்கெட் கடலில் விழுந்தது. பிறகு அந்த இடத்தில் ஸ்டெயின்லெஸ் நட்டுக்கு மாறினார்கள். குலசேகரப்பட்டினமும் கடற்கரைதான். ராக்கெட்டும் தரைக் குழாய்களும் வாரக்கணக்கில் உப்புக்காற்றில் நிற்கும்.

மூன்றாம் படி: கடைசலுக்கு முன் காகிதம்

விமான, விண்வெளித் தொழிலுக்கான ஏ.எஸ். 9100 தரச் சான்று இல்லாமல் பெரிய வாடிக்கையாளர் கொட்டேஷன்கூடக் கேட்க மாட்டார். பொதுவான தரச் சான்றான ஐ.எஸ்.ஓ. 9001 ஏற்கெனவே இருந்தால் அதன் மேல் கட்டலாம். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் பிடிக்கும். சான்றை விடக் கஷ்டம் அன்றாடப் பழக்கம்.

ஒரு டைட்டானியம் பாரை எடுத்துக்கொள்வோம். மில்லிலிருந்து வரும்போது அதன் முனையில், எந்த உருக்கில் வந்த உலோகம் என்று காட்டும் ஹீட் நம்பர் குத்தியிருக்கும். அதே நம்பர் சோதனைச் சான்றிலும் இருக்கும். ஆள் வந்து பாரை வெட்டுகிறார். நம்பர் இருக்கும் முனையிலிருந்தே வெட்டிக்கொண்டு போய்விடுகிறார். மிச்சம் இருக்கும் துண்டு இப்போது பெயர் இல்லாத உலோகம். அது டைட்டானியம்தான் என்று உங்களுக்கும் தெரியும், வெட்டியவருக்கும் தெரியும், ஆனால் காகிதம் இல்லை. ஆகவே பழைய இரும்புக்கடை விலைதான். நம்பர் உள்ள முனையைக் கடைசியாக வெட்டுங்கள், வெட்டும் முன்பே நம்பரை இரண்டு பக்கமும் எழுதுங்கள், ஜாப் கார்டில் அதை ஏற்றுங்கள். புதுப் பட்டறைகளில் நஷ்டத்தின் பெரும்பகுதி இந்த மாதிரி அற்பக் காரணத்தில்தான் வருகிறது.

காகிதத்தை ஏமாற்றினால் என்ன ஆகும் என்பதும் பதிவாகியிருக்கிறது. நாசா செயற்கைக்கோள்களை ஏற்றிய டாரஸ் எக்ஸ்எல் ராக்கெட்டுகள் இரண்டில், 2009-இலும் 2011-இலும், மூக்குக் கூடு கழலாமல் போனது. 70 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். 2019-இல் நாசா சொன்ன காரணம்: அலுமினியப் பாகத்தைத் தந்த சப்ளையர் பல ஆண்டுகளாகச் சோதனை எண்களை மாற்றி எழுதிச் சான்று கொடுத்திருந்தார்கள். 2015 ஜூனில் ஃபால்கன் 9 ஒன்று வெடித்ததற்குக் காரணம் ஒரு தாங்குகம்பி. 10,000 பவுண்டு சுமை தாங்க வேண்டியது 2,000-இல் முறிந்தது. விமானத் தரம் இல்லாத, சாதாரணத் தொழில்தர உலோகத்தைப் போதிய சோதனை இல்லாமல் அங்கே பயன்படுத்தியது தவறு என்று நாசாவின் ஆய்வு சொன்னது. ஆகவே ‘அதே மாதிரிதான் சார், நம்ம கடையில இது இருக்கு’ என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. மாற்றுப் பொருள் போடுவதென்றால் வாடிக்கையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும்.

முதல் பாகத்தை முழுவதுமாக அளந்து, ட்ராயிங்கில் உள்ள ஒவ்வொரு அளவுக்கும் எண் போட்டு அறிக்கை கொடுக்க வேண்டும். இதில் நம் ஊர் வெயில் ஒரு பிரச்சினை. ட்ராயிங்கின் அளவுகள் 20 டிகிரி சூட்டுக்கானவை. அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 23 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) நீளும். சித்திரை மாதம் பட்டறையில் 38 டிகிரி இருக்கும்போது 200 மில்லிமீட்டர் பாகம் 80 மைக்ரானுக்கு மேல் நீண்டிருக்கும். அளக்கும் எஃகுக் கருவியும் கொஞ்சம் நீளும் என்பதால் பிழை பாதியாகலாம். அப்படியும் 40 மைக்ரான். டாலரன்ஸ், அதாவது அனுமதிக்கும் பிழை, 25 மைக்ரான் என்றால் நல்ல பாகத்தைத் தள்ளுவீர்கள், கெட்டதை அனுப்புவீர்கள். எனவே அளக்கும் அறைக்கு மட்டுமாவது ஏ.சி. போட்டு, பாகத்தை இரவு முழுக்க உள்ளே வைத்து, காலையில் அளக்கவும்.

ஆத்தங்குடிக் கல்லில் ஒன்றுக்கொன்று பூ லேசாக மாறினால் அழகு. இருபது பிராக்கெட்டில் ஒன்று மாறினால் மற்ற பத்தொன்பதையும் நிறுத்தி வைப்பார்கள்.

நான்காம் படி: முலாம் வேலையில் கெடுபவை

சாதாரண முலாம் பட்டறை விண்வெளி வேலைக்கு மாறும்போது அடிக்கடி தடுக்கி விழுகிற இடங்கள் இவை.

துத்தநாகமும் காட்மியமும் வெற்றிடத்தில் ஆவியாகி, பக்கத்தில் இருக்கும் லென்ஸிலும் சூரியத் தகட்டிலும் படியும். கடையில் வாங்கிய மஞ்சள் முலாம் போட்ட போல்ட்டைச் செயற்கைக்கோளில் மாட்டக் கூடாது என்பது இதனால்தான். சுத்தமான வெள்ளீயப் பூச்சில் காலப்போக்கில் மயிரிழை போன்ற உலோகக் கம்பிகள் தானாக முளைத்துச் சர்க்யூட்டை ஷார்ட் ஆக்கும். ஈயம் கலந்த பூச்சு கேட்பார்கள்.

உயர்வலிமை எஃகுக்கு முலாம் போடும்போது ஹைட்ரஜன் உள்ளே புகும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. இறுக்கி வைத்த மறுநாள் போல்ட் தலை தானாகத் தெறிக்கும். முலாம் முடிந்த 4 மணி நேரத்துக்குள் 190 டிகிரி அடுப்பில் வைத்து, வழக்கமாக 23 மணி நேரம், சுட வேண்டும். அந்த நேரத்தில் கரன்ட் போனால் பேட்ச் முழுக்கக் கேள்விக்குறி. ஆகவே அடுப்புக்கு ஜெனரேட்டரும், சூட்டைத் தானாகப் பதியும் ரெக்கார்டரும் முதலில். புது டேங்க் பிறகு.

திரவ ஆக்சிஜன் போகும் பாகத்தில் விரல் ரேகை எண்ணெய்கூட இருக்கக் கூடாது. எண்ணெய் அங்கே எரிபொருள். கழுவி, காயவைத்து, இரட்டைப் பையில் அடைத்துத்தான் அனுப்ப வேண்டும். பசை, பெயின்ட், பிளாஸ்டிக் என்றால் வெற்றிடத்தில் 125 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து எடை இழப்பு ஒரு சதவீதத்துக்குள், படியும் ஆவி 0.1 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

ஐந்தாம் படி: ஐந்தொகை போடுங்கள்

ரூபாய் வட்டியில், அதாவது நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், ஒரு மாதிரிக் கணக்கு. எண்கள் உங்கள் பட்டறைக்கு மாறும், போடும் விதம் மாறாது. ஆர்டர் 10 லட்சம். முதல் நாளே மூலப்பொருளுக்கு 2.5 லட்சம் கட்ட வேண்டும். சான்றுள்ள உலோகம் கடனுக்குக் கிடைப்பது அபூர்வம். அது வந்து சேர ஒன்றரை மாதம், முதல் பாக அறிக்கை ஒப்புதலாக இரண்டு மாதம், டெலிவரிக்கு ஒன்றரை மாதம், பணம் வர மேலும் ஒன்றரை மாதம். மொத்தம் ஆறரை மாதம். 2.5 லட்சத்துக்கு வட்டி 16,250. கூலி, டூல், சோதனைக்குப் போகும் 3 லட்சம் சராசரியாக 4 மாதம் நின்றால் 12,000. ஆக 28,250 ரூபாய் வட்டியாகவே போகிறது. அதோடு இருபதில் இரண்டு தள்ளுபடி ஆனால் அதன் உலோகமும் கூலியும் உங்கள் தலையில். கொட்டேஷனில் இந்த இரண்டையும் ஏற்றாதவர் ஆர்டர் கிடைத்த சந்தோஷத்தில் நஷ்டத்துக்கு வேலை செய்வார்.

இதற்குச் சட்டத்தில் கொஞ்சம் துணை உண்டு. குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை முதல் நாளே செய்துகொள்ளுங்கள். குறு, சிறு தொழிலுக்கான பாக்கியை வாங்குபவர் 45 நாளுக்குள் தர வேண்டும். எழுத்தில் நாள் குறிக்காவிட்டால் 15 நாள். தாண்டினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. 2024 ஏப்ரலிலிருந்து, நேரத்துக்குத் தராத பாக்கியை வாங்குபவர் வருமான வரிக் கணக்கில் அந்த ஆண்டுச் செலவாகக் காட்டவும் முடியாது. இதுதான் அவர்களைத் துரிதப்படுத்துகிறது. சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்துமூல ஆட்சேபம் வராவிட்டால் டெலிவரி நாளே ஏற்றுக்கொண்ட நாள். எனவே டெலிவரி சலானில் தேதியும் சீலும் வாங்காமல் வண்டியைத் திருப்பாதீர்கள்.

வாடிக்கையாளர் புதுக் கம்பெனி என்றால் மூலப்பொருளுக்கு அட்வான்ஸ் கேளுங்கள். விர்ஜின் ஆர்பிட்டின் ராக்கெட் 2023 ஜனவரியில் தோற்றது. எரிபொருள் குழாயில் ஒரு வடிகட்டி கழன்றதுதான் காரணம். ஏப்ரலில் கம்பெனி திவால் மனு போட்டது. ராக்கெட் கம்பெனி கவிழ்ந்தால் சப்ளையர்கள் கடன்காரர் வரிசையில் கடைசிப் பக்கம்தான் நிற்பார்கள்.

அனுமதிகள், சுருக்கமாக

உதிரிபாகம் செய்ய, தனியார் விண்வெளி வேலைகளுக்கு அனுமதி தரும் மத்திய அரசு அமைப்பான இன்ஸ்பேஸின் அனுமதி தேவையில்லை. ஏவுவது, செயற்கைக்கோள் இயக்குவது போன்றவற்றுக்குத்தான் தேவை. இஸ்ரோவின் சோதனைக் கூடங்களைக் கட்டணத்துக்குப் பயன்படுத்த விரும்பினால் இன்ஸ்பேஸின் இணையத் தளத்தில் விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால், ஏற்றுமதிக் கட்டுப்பாடு உள்ள பொருள்களின் ஸ்கோமெட் பட்டியலைப் பாருங்கள். ராக்கெட் பாகங்கள் அதில் வரும், மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகமான டி.ஜி.எஃப்.டி.யின் உரிமம் வேண்டும். ட்ராயிங்கை இமெயிலில் அனுப்புவதும் ஏற்றுமதிதான். இதை மறந்து மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

பணம் மட்டும் போடுகிறவர்களுக்கு

நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன காலத்தில் ஏஜென்ட்டை மூன்று வருடக் கணக்குக்கு அனுப்புவார்கள். ராக்கெட் கம்பெனிக்கு ஒரு கணக்கு போதாது. மூன்று கணக்காவது பொறுக்கக்கூடிய பணமாக இருக்க வேண்டும். 2002-இல் தொடங்கிய ஸ்பேஸ்எக்ஸ் மூன்று முறை தோற்று, 2008 செப்டம்பரில் நான்காவது முறைதான் சுற்றுப்பாதையை எட்டியது. அதைக் காப்பாற்றியது அந்த வெற்றியும், அதே டிசம்பரில் 12 சரக்குப் பயணங்களுக்கு நாசா கொடுத்த 160 கோடி டாலர் ஒப்பந்தமும் சேர்ந்துதான்.

பங்கு விற்க வருகிறவரிடம் நாலு கேள்வி கேளுங்கள். முன்பணம் கட்டிய ஆர்டர் எத்தனை, வெறும் புரிந்துணர்வு ஒப்பந்தம் எத்தனை? மாதம் எவ்வளவு செலவாகிறது, கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும்? சுற்றுப்பாதைக்கே போனதா, மேலே போய்ப் பூமியைச் சுற்றாமலே விழுகிற துணைச்சுற்றுச் சோதனை மட்டும்தானா? அரசு வாடிக்கையாளர் உண்டா? மூன்றாவது கேள்வியில் பலர் வழுக்குவார்கள். 2022 நவம்பரில் பறந்த ஹைதராபாத் ஸ்கைரூட்டின் விக்ரம்-எஸ், 2024 மே 30 அன்று பறந்த சென்னை அக்னிகுல்லின் சார்டெட் இரண்டுமே அருமையான பொறியியல். அக்னிகுல் நான்கு முறை தள்ளிப்போன பிறகு, ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் வார்த்த எஞ்சினோடு பறந்தது. ஆனால் இரண்டுமே துணைச்சுற்றுப் பயணங்கள். சுற்றுப்பாதைக்கு வேண்டிய வேகம் நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல். அது வேறு பரீட்சை.

வெளிநாட்டு உறவினர் பணம் போடுவதாக இருந்தால், 2024 விதிப்படி செயற்கைக்கோள் பாகம் செய்யும் கம்பெனியில் 100 சதவீதம், செயற்கைக்கோள் தயாரிப்பிலும் தரவுச் சேவையிலும் 74, ராக்கெட்டிலும் ஏவுதளத்திலும் 49 சதவீதம் வரை முன் அனுமதி இல்லாமல் வரலாம்.

சின்ன முதலுக்கு ஒரு வாசல்

மெஷினும் வேண்டாம், டேங்கும் வேண்டாம் என்பவர்களுக்குத் தரவு வேலை இருக்கிறது. ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் இலவசம். 10 மீட்டர் துல்லியம், ஐந்து நாளைக்கு ஒருமுறை. 2023 விண்வெளிக் கொள்கைப்படி 5 மீட்டரும் அதைவிடப் பருமனுமான இந்தியப் படங்களும் இலவசம். இரண்டு பேரும் நல்ல கம்ப்யூட்டரும் இருந்தால் கண்மாய் நீர்ப்பரப்பு, நெல் விதைத்த பரப்பு, வறட்சி எல்லாம் கணக்கிட்டு விவசாயக் கம்பெனிகளுக்கும் காப்பீட்டுக்காரர்களுக்கும் விற்கலாம். படம் இலவசம் என்பதால் யாரும் படத்துக்குக் காசு தர மாட்டார்கள். சர்வே எண்ணோடு பொருத்தி, களத்தில் போய்ப் பார்த்துச் சரி செய்த பட்டியலுக்குத் தருவார்கள். ஒப்பந்தம் ஐப்பசியில் தொடங்கினால் மட்டும் கவனம்: மழை மேகத்தில் கேமரா படங்கள் வாரக்கணக்கில் வெள்ளையாகவே வரும். மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 ரேடார் படத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரை ஆவணிக்குள் தயார் செய்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.